பந்து அவளுடையது, பொட்டல் யாருடையது?

சித்திரை பிறந்தால் எங்கள் பக்கத்துக் கண்மாய்களில் தண்ணீர் இருக்காது. வெடித்துக் கிடக்கும் கரம்பையை நாலு நாள் மிதித்துச் சமன்செய்து, சவுக்குக் கம்பு நட்டு, பையன்கள் கோல் போஸ்ட் கட்டிவிடுவார்கள். காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்கோ திருப்பத்தூருக்கோ சாயங்கால பஸ்ஸில் போகிறவர்கள் இதைப் பார்த்திருக்கலாம். நானும் கல்லூரிக்குப் போய்வரும் வழியில் பதினைந்து ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். அந்தப் பொட்டல்களில் ஒரு பெண்ணைக்கூடக் கண்டதில்லை என்பது எனக்கு உறைக்கவே பத்தாண்டு ஆனது. உறைக்க வைத்தவள் என் மாணவி ஒருத்தி.

இளங்கலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். ஊரும் பெயரும் இங்கே வேண்டாம். அண்ணன்கள் இரண்டு பேரும் கால்பந்து ஆடுகிறவர்கள். பந்தடித்துப் பழக ஆள் வேண்டுமென்று சின்ன வயதில் அவளைக் கம்புகளுக்கு நடுவில் நிற்க வைத்தார்கள். நின்றவள் நின்றுவிட்டாள். ஊர்ப் பையன்களின் பயிற்சி ஆட்டங்களில் அவள்தான் கோல் கீப்பர். பக்கத்து ஊர்த் திருவிழாவை ஒட்டி ஐவர் கால்பந்துத் தொடர் போட்டி நடத்தினார்கள். அணிப் பட்டியலில் பையன்கள் அவள் பெயரையும் எழுதிக் கொடுத்தார்கள். கமிட்டி அந்தப் பெயரை மட்டும் அடித்துவிட்டது. நோட்டீஸில் நுழைவுக் கட்டணம் இருந்தது. முதல் பரிசு, சுழற்கோப்பை, அவற்றை வழங்குகிறவர்களின் பெயர்கள் எல்லாம் இருந்தன. ஆண்கள் மட்டும் என்று எங்கும் இல்லை.

"நோட்டீஸ்ல போடலையேம்மா, அப்புறம் எப்படி என்னைய மட்டும் சேத்துக்க மாட்டேங்குறாங்க?" என்று என்னிடம் வந்து கேட்டாள்.

"பொண்ணுங்களா ஒரு டீம் சேத்துப் பாரேன்" என்றேன்.

"எங்க ஊர்ல பந்தைத் தொடுற பொண்ணு நான் ஒருத்திதாம்மா. இன்னும் நாலு பேருக்கு நான் எங்க போறது?"

எனக்குப் பதில் வரவில்லை. வேலு நாச்சியார் ஆண்ட சீமை இது என்று மகளிர் தின மேடையில் முழங்கிவிட்டு வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. ஆண்களின் தொழில்முறைக் கால்பந்து லீக்குகளில் பெண்களைச் சேர்க்கலாமா என்ற விவாதம் உலகத்தில் நெடுநாளாக நடக்கிறது. தசை, எலும்பு, வேகம் என்றே அது நடக்கும். என் முன்னால் அது ஒரு கண்மாய்ப் பொட்டலின் கேள்வியாக வந்து நின்றது. அன்று நான் சொன்ன மழுப்பல் பதிலுக்குப் பதிலாகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

தமிழ் படித்தவள் என்பதால் முதலில் என் பாடப் புத்தகங்களுக்குள் தேடினேன். நம் இலக்கியத்தில் பந்து பெண்ணின் பொருள். சங்க அகப்பாடல்களில் பந்தும் பாவையும் கழங்கும் ஆயத்தோடு ஆடித்திரியும் சிறுமியின் உடைமைகள். மகள் உடன்போக்கில் போன பின்பு அவள் விட்டுப்போன பந்தைக் கண்டு வீட்டார் கலங்குகிறார்கள். சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் கந்துகவரி இருக்கிறது. திருக்குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தாடுகிறாள். கொங்குவேளிரின் பெருங்கதையில் பெண்கள் ஒருவரையொருவர் விஞ்சிப் பந்தடிக்கும் ஒரு பகுதியே உண்டு. யார் எத்தனை அடித்தார்கள் என்று கணக்கும் சொல்லப்படுகிறது.

அந்தப் பகுதியின் தலைப்பு 'பந்தடி கண்டது'. பந்தை அடித்தவர்கள் பெண்கள். தலைப்பு, கண்ட உதயணனுக்குப் போய்விட்டது. வசந்தவல்லி ஆடும்போதும் கவிஞரின் கண் பந்தைத் தொடர்வதைவிட அவள் உடம்பைத் தொடர்வது அதிகம். இந்தப் பிரதிகளில் பெண் ஆடுவது ஆயத்தோடு. ஆண் வந்தால் பார்க்க வருவான், எதிரே நின்று ஆட வரமாட்டான். பந்தைப் பெண்ணிடம் கொடுத்த மரபு, ஆட்டத்தை ஆணின் கண்ணுக்கான காட்சியாக வைத்துக்கொண்டது.

அகமரபில் இற்செறிப்பு என்றொரு சொல் இருக்கிறது. மகளின் உடல் மாற்றம் கண்டும் ஊரார் பேச்சுக்கு அஞ்சியும் தாய் அவளை வெளியே விடாமல் வீட்டுக்குள் நிறுத்துவது. வகுப்பில் இதைப் பழங்காலச் சங்கதியாகவே நடத்திவந்தேன். எங்கள் ஊர்களில் ஐந்தாம் வகுப்புவரை பெண்ணும் பையனும் ஒரே புழுதியில் புரளுவார்கள். ஏழாவது, எட்டாவது வரும்போது தெருமுனையில் பூப்புனித நீராட்டு விழா ஃபிளெக்ஸ் நிற்கும். அதற்குப் பிறகு அந்தப் பெண் பொட்டலுக்கு வரமாட்டாள். பள்ளிக்கூடத்தில் பி.டி. பீரியட் வந்தால் மைதானம் பையன்களுக்கு. மர நிழலும் டென்னிகாய்ட் வளையமும் பெண்களுக்கு. யாரும் உத்தரவு போடுவதில்லை. அதட்டுவதுகூட இல்லை. பெண் தானாகவே ஒதுங்கிக்கொள்ளும்படி எல்லாம் அமைந்திருக்கிறது.

ஆண்கள் லீக்கில் பெண் ஆட முடியுமா என்று 20 வயதுப் பெண்ணைப் பார்த்துக் கேட்கிறோம். அதற்கான முடிவை அவளுடைய 12 வயதிலேயே எடுத்து முடித்துவிட்டோம். அதே எட்டாண்டுகள் பையனுக்கு நாள்தோறும் இரண்டு மணி நேர ஆட்டம். அவளுக்கு அந்த எட்டாண்டுகளும் பாத்திரத்திலும் கோலத்திலும் கழிந்திருக்கின்றன. பிறகு இருவரையும் பக்கத்தில் நிறுத்தி இயற்கையைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறோம்.

நம் சினிமா இந்த இடத்தைத் தொட்டிருக்கிறது. அருண்ராஜா காமராஜின் 'கனா'வில் (2018) கௌசல்யா கிரிக்கெட் கற்றுக்கொள்வது ஊர்ப் பையன்களோடு ஆடித்தான். படத்தின் உயிருள்ள பகுதி அதுவே. சொந்த ஊர்ப் பையன்கள் அவளைத் தங்களில் ஒருத்தியாகப் பந்து வீச விடுகிறார்கள். ஊர் வாய் அவளைத்தான் மெல்லுகிறது. ஆனால் படம் இந்திய அணிக்குப் போனதும் ஆண் பயிற்சியாளரின் உரைக்கு இடம்விட்டுக் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்கிறது. அடுத்த ஆண்டு தீபாவளிக்கு வந்த அட்லியின் 'பிகில்' பெண்கள் கால்பந்து அணியைப் பற்றிய படம். படத்தின் பெயர் ஆண் பயிற்சியாளரின் பட்டப்பெயர். அணியில் பருமனான ஒரு பெண்ணுக்கு வேகம் வர வேண்டுமென்று அவன் அவளைக் 'குண்டம்மா' என்று கூப்பிட்டு அவமானப்படுத்துகிறான், தியேட்டர் கைதட்டியது. பெண் ஆடலாம், ஆனால் அவள் ஆட்டத்தை ஓர் ஆண் திறந்துவிட வேண்டும் என்பது படத்தின் அடியில் ஓடும் நம்பிக்கை. 'பந்தடி கண்டது' என்ற தலைப்பிலிருந்து நாம் அதிக தூரம் வந்துவிடவில்லை.

கால்பந்தின் சொந்த வரலாற்றிலும் வேலி இயற்கையாக முளைக்கவில்லை. ஆள் வைத்துப் போட்டார்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தில் தொழிற்சாலைப் பெண்கள் அணி அணியாகக் கால்பந்து ஆடினார்கள். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க்கில் டிக், கெர் மகளிர் அணி ஆடிய ஆட்டத்தைப் பார்க்க ஏறத்தாழ 53,000 பேர் வந்தார்கள். அடுத்த ஆண்டு டிசம்பர் 5 அன்று அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம் தன் கிளப்புகளின் மைதானங்களில் பெண்கள் ஆடக் கூடாது என்று தீர்மானம் போட்டது. பெண்ணுக்கு இந்த ஆட்டம் பொருந்தாது என்று காரணம் சொன்னது. தடை விலக ஏறத்தாழ 50 ஆண்டுகள் ஆயின. பிரேசிலில் 1941 முதல் 1979 வரை பெண்கள் கால்பந்துக்குச் சட்டப்படி தடை இருந்தது.

2004ஆம் ஆண்டின் கடைசியில் மெக்சிகோவின் செலாயா என்ற இரண்டாம் பிரிவு ஆண்கள் கிளப், அந்நாட்டுப் பெண்கள் அணியின் மரிபெல் டொமிங்கெஸை ஒப்பந்தம் செய்ய முன்வந்தது. சின்ன வயதில் 'மரியோ' என்று பையன் வேடம் போட்டுப் பையன்களோடு தெருவில் ஆடி வளர்ந்தவர் அவர். கிளப் அவரை வேண்டுமென்றது. அவரும் வருகிறேன் என்றார். ஃபிஃபா குறுக்கே வந்து, ஆண், பெண் கால்பந்துக்கு இடையே தெளிவான பிரிவு இருந்தாக வேண்டும் என்று மறுத்துவிட்டது. அவர் தேறுவாரா மாட்டாரா என்று களத்தில் பார்க்க யாரும் விடவில்லை. மீன் பனை ஏறக் கூடாது என்று யாரும் சட்டம் போடுவதில்லை. பெண்ணால் முடியவே முடியாது என்றால் அவளைத் தடுக்க எதற்கு ஒரு விதி?

உடல் வேறுபாட்டை நான் மறுக்கவில்லை. பருவ வயதுக்குப் பிறகு வேகத்திலும் உடல் வலுவிலும் ஆண்களின் சராசரி கூடுதல்தான். 2017இல் அமெரிக்கப் பெண்கள் அணி, டல்லாஸ் கிளப்பின் 15 வயதுக்குட்பட்ட சிறுவர்களிடம் ஒரு பயிற்சி ஆட்டத்தில் 5-2 என்று தோற்றது. இந்த விவாதம் எங்கே நடந்தாலும் யாராவது ஒருவர் இதை எடுத்துப் போடுவார். போடட்டும். அந்தக் கணக்கிலிருந்து கிடைக்கும் முடிவு, உச்ச நிலை ஆண்கள் லீக்கில் பெண்கள் மிகச் சிலரே தேறலாம், அல்லது யாருமே தேறாமல் போகலாம் என்பது மட்டும்தான். பெண் கையெழுத்துப் போடக் கூடாது என்ற விதிக்கு அதில் ஆதாரம் இல்லை. தேறாத ஆணைப் பயிற்சியாளர் எடுக்கமாட்டார். தேறாத பெண்ணையும் எடுக்க வேண்டாம். மேலும் லீக் என்றால் உச்சி மட்டும் இல்லை. மாவட்ட லீக், ஊர் லீக், ஐவர் போட்டி என்று கீழே நூறு படி இருக்கிறது. நெதர்லாந்தில் ஃபோவாருட் என்ற சிறு கிளப்பில் எலன் ஃபொக்கெமா ஐந்து வயதிலிருந்து பையன்களோடு ஆடினார். 19 வயதானதும் விதிப்படி அந்த அணியை விட்டுப் பிரிய வேண்டியிருந்தது. கிளப் கேட்டதன்பேரில் 2020இல் அந்நாட்டுக் கூட்டமைப்பு அவரை ஆண்கள் முதல் அணியில் ஆட அனுமதித்தது. அதே ஆண்டு, 2011 உலகக்கோப்பையை வென்ற ஜப்பானின் யூகி நாகாசாத்தோ தன் சகோதரர் ஆடிய ஆண்கள் கிளப்பில் சேர்ந்தார். இரண்டும் உச்ச லீக்குகள் இல்லை. என் மாணவி கேட்டதும் உச்ச லீக் இல்லை.

"அடிபட்டா யாரு பதில் சொல்றது?" என்று கமிட்டிப் பெரியவர் ஒருவர் கேட்டாராம். எங்கள் மாவட்டத்தில் தை பிறந்தால் சிறாவயல் மஞ்சுவிரட்டு. ஆண்டுதோறும் காளை முட்டிக் காயம்படுகிறார்கள். உயிர் போன ஆண்டுகளும் உண்டு. ஆம்பளைப் பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டும், அவர்களைப் பொட்டலுக்கு விடாதீர்கள் என்று எந்தக் கமிட்டியும் சொல்லிக் கேட்டதில்லை. காளைக்குப் பருத்திக்கொட்டை ஊறவைத்துப் போட்டு வளர்க்கும் பெண்ணை மட்டும் காளை ஓடும் இடத்திலிருந்து காப்பாற்றுவோம். அக்கறைதான் காரணம் என்றால் அது ஆணின் உடம்புக்கும் அல்லவா வந்திருக்க வேண்டும்?

இதில் எனக்கு ஒரு பயமும் உண்டு. கதவைத் திறக்கிறோம் என்று ஒரே ஒரு பெண்ணை உள்ளே விட்டு, அவளைப் படம் பிடித்துவிட்டு, பெண்கள் லீக்கைப் பட்டினி போடலாம். 2003இல் இத்தாலியின் பெருஜியா கிளப் தலைவர் லூசியானோ கவுச்சி, ஜெர்மனியின் பிர்கிட் பிரின்ஸை ஆண்கள் அணிக்கு அழைத்தார். லிபிய அதிபர் கடாஃபியின் மகனை அணியில் சேர்த்தவரும் அவரே. பிரின்ஸ் மறுத்துவிட்டார். வேடிக்கைப் பொருளாக அழைக்கப்படும் இடத்துக்குப் போகாமலிருப்பதும் ஒரு பெண்ணின் உரிமை.

பட்டினி என்று சும்மா சொல்லவில்லை. இந்தியாவில் ஆண்களுக்கான தேசிய லீக் 1996இல் தொடங்கியது. பெண்களுக்கான இந்திய மகளிர் லீக் தொடங்க 2017 ஆனது. முதல் பருவத்தின் இறுதிச் சுற்றை டெல்லியில் வைத்துச் சில வாரங்களில் முடித்துவிட்டார்கள். சொந்த ஊரிலும் எதிரணி ஊரிலுமாக ஆடும் முறை 2023-24 பருவத்தில்தான் வந்தது. இவ்வளவுக்கும் நடுவில் தமிழ்நாட்டுப் பெண்கள் 2018இல் கட்டாக்கில் மணிப்பூரை வென்று தேசிய சாம்பியன் ஆனார்கள். மதுரையின் சேது எஃப்.சி. 2019இல் மகளிர் லீக்கை வென்றது. இந்திய அணிக்கு ஆடிய கடலூர் இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு காவல் துறையில் சப்-இன்ஸ்பெக்டர். இந்த நாட்டில் ஒரு பெண் பந்தை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். 2022 ஆகஸ்டில் நிர்வாகச் சண்டைக்காக ஃபிஃபா இந்தியக் கூட்டமைப்பை இடைநீக்கம் செய்தது. ஆசியக் கிளப் போட்டிக்காக உஸ்பெகிஸ்தான் போய் இறங்கியிருந்த கோகுலம் கேரளா பெண்கள் ஆடாமலே திரும்பினார்கள். பத்துப் பதினொரு நாளில் தடை நீங்கியது. ஆண்கள் கிளப்பின் ஆசியப் போட்டி செப்டம்பரில் தடையில்லாமல் நடந்தது.

வேலிக்குக் காவலும் உண்டு. காரைக்குடியிலிருந்து ஒரு மணி நேரம் பஸ்ஸில் போனால் புதுக்கோட்டை. அந்த மாவட்டத்துக் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளியின் மகளாகப் பிறந்த சாந்தி சௌந்தரராஜன், 2006 தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினப் பரிசோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்துக்கொண்டார்கள். உடம்பின் அந்தரங்கம் உலகச் செய்தியானது. பிறகு அவரும் சூளையில் வேலை பார்க்க நேர்ந்தது. பிற்பாடுதான் பயிற்சியாளர் வேலை கிடைத்தது. ஆண் பக்கம், பெண் பக்கம் என்று கோடு கிழித்துவிட்டால், அந்தக் கோட்டில் நின்று பெண்ணின் உடம்பைச் சோதிக்க ஒருவர் வேண்டியிருக்கிறது. ஆணின் உடம்பை யாரும் சோதிப்பதில்லை. நன்றாக ஓடிய பெண்ணைத்தான், நீ பெண்தானா என்று கேட்கிறார்கள்.

"அப்படின்னா பெண்கள் லீக்ல ஆண்களும் ஆடலாமா?" என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இதைக் கேட்க வேண்டியதில்லை. உள்ளாட்சித் தேர்தலில் பெண்களுக்கென்று ஒதுக்கிய வார்டுகள் இருக்கின்றன. மீதி வார்டுகள் பொது வார்டுகள். ஒதுக்கிய வார்டில் ஆண் நிற்க முடியாது. பொது வார்டில் பெண் நிற்கலாம். நம் ஊர்களில் பொது வார்டை 'ஆம்பளை வார்டு' என்று சொல்லிப் பழகிவிட்டோம். கால்பந்திலும் நடந்தது அதுதான். நூறாண்டு தடையாலும் பழக்கத்தாலும் பொது லீக்குக்கு ஆண்கள் லீக் என்று பெயர் வைத்துவிட்டோம். சதுரங்கத்தில் அந்தப் பிசகு இல்லை. சென்னையின் வைஷாலி மகளிர் போட்டிகளில் ஆடி வெல்கிறார். பொதுப் போட்டிகளிலும் ஆண்களோடு ஆடுகிறார். ஆண்களுக்குரிய அதே அளவுகோலில் கிராண்ட்மாஸ்டர் பட்டமும் பெற்றார். ஒரு வாசல் இன்னொரு வாசலை அடைக்கவில்லை.

ஆகவே என் பதில் இது. ஆண்கள் லீக் என்பதைப் பொது லீக் என்று ஆக்க வேண்டும். தேர்வு திறமையைப் பார்த்து நடக்கட்டும். பெண்கள் லீக் தனியாகவே இருக்க வேண்டும், முழுப் பருவமும் முழுச் சம்பளமுமாக. இரண்டுக்கும் முன்னால், பள்ளிக்கூட மைதானத்தில் பெண்ணும் பையனும் விரும்புகிற வயதுவரை சேர்ந்து ஆட வேண்டும். மூன்றாவது நடக்காமல் முதல் இரண்டும் காகிதத்தில்தான் இருக்கும். ஊருக்கு ஐந்து பெண்கள் பந்தைத் தொட்டிருந்தால் என் மாணவிக்கு நான் சொன்ன மழுப்பல்கூட ஒரு பதிலாக இருந்திருக்கும்.

அந்தப் போட்டி நடந்த மூன்று நாளும் அவள் கோல் கம்புக்குப் பின்னால் நின்று, வெளியே போகும் பந்துகளை எடுத்துப் போட்டிருக்கிறாள். அவளுக்குப் பதிலாக நின்ற பையன் முதல் ஆட்டத்தில் நாலு கோல் விட்டானாம். அவள் நின்றிருந்தாலும் நாலு விட்டிருக்கலாம். அது ஆட்டத்தில் தெரிய வேண்டியது.

இந்த ஆண்டு நோட்டீஸைப் போன வாரம் கைப்பேசியில் எனக்கு அனுப்பினாள். சுழற்கோப்பைக்குக் கீழே புதிதாக ஒரு வரி: 'ஆண்கள் மட்டும்'. அவள் கேட்டதால்தான் அதை எழுத வேண்டி வந்திருக்கிறது. "இப்ப என்னம்மா பண்றது?" என்று கேட்டிருந்தாள். வரும் ஞாயிற்றுக்கிழமை அந்தக் கமிட்டியைப் பார்க்கப் போகிறோம். அவள், நான், அவளுடைய அணிப் பையன்கள் நாலு பேர்.